ஒலித்தெளிவு: நாலுக்கு ஒன்று

அநியாயம் நடந்தது எனக்கு. நடத்தியவர் என் பயிற்சி வழிகாட்டி, முனைவர் ஞானசௌந்தரி. நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் ஏழே நிமிடம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, ‘வகுப்பில் இரைச்சல், கட்டுப்பாடு இல்லை’ என்று எழுதி பத்துக்கு ஒன்றரை போட்டார். ‘கரும்பலகைப் பயன்பாடு’ என்ற கட்டத்தில் பூஜ்யம், நான் ஸ்மார்ட் போர்டில் பாடம் நடத்தியதால். இதுதான் மனுவின் முதல் பத்தி, நாலு பக்க மனு, மூன்று இணைப்புகள், இதை எத்தனை தடவை படித்துவிட்டேன், படிக்கப் படிக்க வாக்கியங்கள் தேய்ந்துபோய் யாரோ எழுதியது மாதிரி இருக்கிறது. துறைத்தலைவர் மூன்று மணிக்கு வரச் சொன்னார், நான் இரண்டே முக்காலுக்கே வந்து இந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தாயிற்று, மூன்று இருக்கை உள்ள பெஞ்சில் நடு இருக்கை விரிசல் விட்டுத் தொடையைக் கடிக்கிறது என்பதால் ஓரத்தில். இரண்டாம் மாடியில் ஒரு ஆள் இல்லை. எல்லாரும் நிறுவனர் நாள் ஒத்திகைக்குக் கலையரங்கம் போயிருக்கிறார்கள், அங்கிருந்து மைக்கில் யாரோ ஒன் டூ த்ரீ, ஒன் டூ த்ரீ என்று திரும்பத் திரும்பச் சொல்வது மட்டும் வருகிறது, நாலுக்குப் போகவே மாட்டேன் என்கிறான். துறை உதவியாளர் மாரப்பன் அண்ணா கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்ததுமே சிரித்தார். துறைத்தலைவர் எங்கே என்று கேட்டதற்கு, அய்யா துணைவேந்தர் ஆபீஸுக்குப் போயிருக்காருங்க, வர்றதுக்கு நேரமாகும், நீங்க போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்கம்மிணி என்றார். வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்றேன். அவர் என் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். “மூணு மாசத்துக்கு முந்தி ஹாஸ்டல் கேட் பூட்டறதுக்கு ஒரு மனு. அப்புறம் லைப்ரரி ஃபேனுக்கு ஒண்ணு. இப்ப இது. நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கோணுமுங்க.” லைப்ரரியில் ஃபேன் இப்போது சுற்றுகிறதா இல்லையா அண்ணா என்று கேட்டேன். சுத்துதுங்க, சுத்துதுங்க என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். சுற்றுகிறது. அந்த ஃபேனுக்குக் கீழே எல்லாரும் உட்காருகிறார்கள், நான் போனால் மட்டும் பேச்சு நின்றுபோகிறது.

ஆனால் இது ஃபேன் இல்லை. எழுபத்தைந்து வேண்டும் ஆய்வுப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க, எனக்கு எழுபத்தொன்று. அந்த நாலு மதிப்பெண் இருப்பது அந்த ஏழு நிமிடத்தில்தான். பள்ளிபாளையம் போகிற வழியில் இருக்கிற அந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் நாற்பது நாள் ஆசிரியர் பயிற்சி, எட்டாம் வகுப்பு பி பிரிவு, நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஆறு டேப்லெட். ஒலியியல் பாடம். ஏழு பேருக்கு ஒரு டேப்லெட் என்று குழு பிரித்து, ஒரு குழு இசைக்கவையைத் தட்டணும், ஒரு குழு ரப்பர் பேண்டை இழுத்து மீட்டணும், ஒரு குழு டெசிபல் காட்டும் செயலியைப் பிடித்துக்கொண்டு எண்ணைக் கத்தணும். கத்தணும் என்று பாடத்திட்டத்திலேயே எழுதியிருக்கிறேன், ‘உரத்துச் சொல்லுதல்’ என்று. ஒலியியல் வகுப்பில் சத்தம் இல்லாமல் என்ன இருக்கும், நிலையியல் வகுப்பா நடத்தினேன். அந்தச் சமயம் பார்த்துத்தான் வந்து நின்றார் ஞானசௌந்தரி மேம், வாசலுக்கு உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால், கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, போர்டின் மூலையில் ஓடிய கடிகாரத்தில் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், இரண்டு பதினான்கிலிருந்து இரண்டு இருபத்தொன்று வரை. இரண்டு இருபத்திரண்டுக்கு எல்லாக் குழுவும் அடங்கி, ஒரு பையன் எழுந்து, சத்தம் என்பது அளவு, இரைச்சல் என்பது நமக்குப் பிடிக்காதது மிஸ் என்று சொன்னான். ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் கேட்டிருப்பார். அதைத்தான் இரண்டாம் பக்கத்தில் எழுதினேன், அடிக்கோடும் போட்டேன், ‘முழுமையாகப் பார்க்காமல் போடும் மதிப்பெண் மதிப்பீடு ஆகாது’ என்று. நல்ல வாக்கியம். என்னோடு படிக்கிற பெனசீரிடம் படித்துக்காட்டியபோது அவளும் நல்லாருக்குடி என்றாள். அப்படியென்றால் சாட்சியாக ஒரு கையெழுத்துப் போடு, நீயும் அன்றைக்கு அதே பள்ளியில் பக்கத்து வகுப்பில்தானே இருந்தாய் என்றேன். அவள் மெஸ்ஸில் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், ரசம் சோறு, பிசைய அதில் என்ன இருக்கிறது. “எனக்கும் அவங்கதாண்டி கைடு. வைவா வருது. உனக்கு என்ன, நீ பேசிடுவ.” நான் பேசிவிடுவேன். எல்லாரும் இதையே சொல்கிறார்கள், அம்மாவும் திருவாரூரிலிருந்து போனில், உனக்கென்னடி, வாய் இருக்கு, பொழச்சுக்குவ என்கிறாள், அப்புறம் உடனே, ஏண்டி எல்லார்கிட்டயும் மல்லுக்கு நிக்கிற என்கிறாள், இரண்டும் ஒரே மூச்சில். வாய் இருக்கிறவளுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரத் தேவையில்லை என்று ஒரு கணக்கு. அன்றையிலிருந்து பெனசீர் வேறு மேசையில் சாப்பிடுகிறாள். சண்டை இல்லை, பார்த்தால் சிரிக்கிறாள். சண்டை போட்டிருந்தாலாவது இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

போன் துடிக்கிறது. வளர்மதி டீச்சர். அந்தப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை, நாற்பது நாளும் எனக்கு மேசையில் பாதி இடம் கொடுத்தவர். காலையிலேயே அனுப்பிய செய்தியைத்தான் மறுபடி அனுப்பியிருக்கிறார், மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு நீ போட்ட மார்க் வச்சு பிள்ளைங்க எடுத்த அஞ்சு வீடியோ அனுப்புறேன்மா, மாத்தறதா இருந்தா மூன்றரைக்குள்ள சொல்லு, நாலு மணிக்கு மெயில் போயிரும். மாற்றுவதற்கு என்ன இருக்கிறது, நன்றி டீச்சர் என்று காலையிலேயே அனுப்பிவிட்டேன், கைகூப்பும் பொம்மையோடு. மறுபடி ஏன் கேட்கிறார். நினைவூட்டல்தான், எல்லாருக்கும் அனுப்பியிருப்பார். அவருக்குக் கீழே அடுத்த பெயர், ‘8பி கோபிகாஸ்ரீ அம்மா’, ஏதோ அம்மன் படம் போட்ட எண், அதைக் கீழே தள்ளிவிட்டாலும் போவதில்லை, ஏனென்றால் டீச்சரைத் தவிர எனக்கு யாரும் செய்தி அனுப்புவதில்லை, மேலே வந்து அதை மூட ஆள் இல்லை. பதினோரு நாள். அம்மாவின் போனிலிருந்து கோபிகாவின் குரல் செய்தி, மூன்று விநாடி. கேட்டாயிற்று என்று நீலக்குறியும் அவளுக்குப் போயாயிற்று. நெட்வொர்க் இல்லை என்று சொல்ல முடியாது, பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. முதல் நாள் வேலை இருந்தது, மனுவுக்கு முதல் வரைவு. இரண்டாம் நாள், பயிற்சி முடிந்த பிறகு பிள்ளைகளோடு தனியாகப் பேசலாமா கூடாதா என்று ஒரு விதி இருக்கும் என்று தேடினேன், அப்படி ஒரு விதி இல்லை, இருந்திருந்தால் நல்லது. மூன்றாம் நாள் ‘பார்த்தேன்மா’ என்று எழுதி அழித்தேன். ஐந்தாம் நாள் ‘அடுத்த முறை அமைதியான இடத்தில் எடு’ என்று எழுதினேன், அது ஆலோசனை, பயனுள்ளது, பின்னூட்டம் செயல்முறை சார்ந்து இருக்க வேண்டும் என்று நாங்களே படித்திருக்கிறோம், அதையும் அழித்தேன். மறுபடி கேட்கவேண்டியதில்லை, மனப்பாடம். இருந்தாலும் விரல் போகிறது. பின்னால் தடதடவென்று தறிச்சத்தம், அதற்கு மேலே அவள் குரல், தொண்டையை இழுத்துப் பிடித்துக் கத்துகிற குரல், அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்குமே கொஞ்சம் கரகரப்பு, வகுப்பில் மெதுவாகப் பேசு என்று நான் நாற்பது நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன், தறிக்குப் பக்கத்தில் பேசப் பழகியவர்கள் என்று மூன்றாம் வாரம்தான் தெரிந்தது. “மிஸ்ஸு, என்ற வீடியோவ முழுசாப் பாத்தீங்களா?” அவ்வளவுதான். கோபம் இல்லை. அழுகை இல்லை. கோபம் இருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

எல்லாருடைய வீட்டிலும் இணையம் இல்லை, அதனால் அம்மாவின் போனிலோ அப்பாவின் போனிலோ ஒரு நிமிட வீடியோ எடுத்தால் போதும் என்று வைத்தேன், வேறு யாருக்கும் இது தோன்றவில்லை, மற்றவர்கள் எல்லாம் பயிற்சித்தாள் கொடுத்து டிக் போட்டார்கள். ‘என் வீட்டில் ஓர் ஒலி: இசையா, இரைச்சலா?’ அதுதான் பணி. ரூப்ரிக், அதாவது மதிப்பெண் அட்டவணை, நானே செய்தது, மூன்று இரவு தூங்கவில்லை, நாலு வரிசை, நாலு நிலை. கருத்து, எடுத்துக்காட்டு, ஒலித்தெளிவு, நேரம். நாலுக்கு மிகச் சிறப்பு, மூன்றுக்குச் சிறப்பு, இரண்டுக்கு ஓரளவு, ஒன்றுக்கு என்ன பெயர் வைப்பது என்றுதான் வெகுநேரம் யோசித்தேன், ‘மோசம்’ என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லக் கூடாது, ‘குறைவு’ என்றால் மனம் ஒடியும், கடைசியில் ‘முயற்சி தேவை’ என்று வைத்தேன், மென்மையாக இருக்கிறதே என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். செயலி அதை ஒரு மஞ்சள் பொம்மையோடு தானாகவே அனுப்பும், முயற்சி தேவை, மீண்டும் முயல்க. ஒலித்தெளிவு வரிசையில் ஒன்றாம் நிலைக்கு எதிரே என் கையாலேயே எழுதினேன், ‘பின்னணி இரைச்சலால் பேச்சு கேட்கவில்லை’ என்று. பிற்பாடு பெனசீர் பத்து வீடியோவுக்குத் தனியாக மார்க் போட்டாள், நானும் போட்டேன், இரண்டையும் வைத்து ஒத்திசைவு கணக்கிட்டால் பூஜ்யம் புள்ளி ஒன்பது ஒன்று, துறையில் இந்த வருடம் யாருக்கும் வராத எண், அதுதான் இணைப்பு மூன்று. அதைத்தான் மனுவில் தூக்கி வைத்திருக்கிறேன், பாருங்கள், ஒரு மதிப்பீடு எப்படி இருக்க வேண்டும், பார்ப்பவரின் மனநிலையைப் பொறுத்து மாறாமல், வாசலில் நிற்பவரின் மூக்கைப் பொறுத்து மாறாமல். அந்தப் பத்து வீடியோவில் கோபிகாவுடையதும் ஒன்று. நான் அவளுக்கு ஒலித்தெளிவில் ஒன்று, பெனசீரும் ஒன்று. பேச்சே கேட்கவில்லை என்றால் கருத்துக்கு எப்படிப் போடுவது, அதுவும் ஒன்று, எடுத்துக்காட்டும் ஒன்று, இருவரும் அப்படியே. இரண்டு பேரும் ஒரே மாதிரித் தவறினால் அதற்கு நம்பகத்தன்மை என்று பெயர். தவறினால் என்று ஏன் நினைத்தேன் இப்போது. தவறு என்று யார் சொன்னது. இரைச்சலைக் காட்டு என்று பணி கொடுத்துவிட்டு, இரைச்சல் இருந்தால் மார்க்கைக் குறை என்று அதே தாளில் எழுதியிருக்கிறேன், பணி மேலே, ரூப்ரிக் கீழே, இடையில் நாலு விரல் இடைவெளி. ஞானசௌந்தரி மேம் இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வளர்மதி டீச்சர் பார்த்திருக்கிறார். பெனசீர் பார்த்திருக்கிறாள். ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, புல்லாங்குழல் வாசித்துக் காட்டிய பையனுக்குப் பதினாறு, மிக்ஸியைக் காட்டியவள் மிக்ஸியை நிறுத்திவிட்டுப் பேசினாள், அவளுக்குப் பதினைந்து. மைக்கில் அவன் இப்போது நாலு என்றான், உடனே கூச்சல், யாரோ கைதட்டுகிறார்கள்.

இயர்போன் மாட்டியாயிற்று. செயலியைத் திறந்தால் முதலில் ஆசிரியர் பக்கம்தான் வரும், மாணவர் பெயர், மதிப்பெண், ஆசிரியர் பார்த்த நேரம். கோபிகாஸ்ரீ, பதினாறுக்கு ஏழு, பார்த்த நேரம் பன்னிரண்டு விநாடி. நேரம் வரிசையில் மட்டும் நாலு வாங்கியிருக்கிறாள், சரியாக அறுபது விநாடி எடுத்ததற்காக, அந்த அறுபதில் நான் பார்த்தது பன்னிரண்டு. ஒரே மதியத்தில் நாற்பத்திரண்டு, காது வலித்தது, தலை வலித்தது, தறிச்சத்தம் என்றால் இயர்போனில் ஊசி மாதிரி, நிறுத்தினேன், ஒன்று போட்டேன், அடுத்தது. அப்படித்தான் நடந்தது, அதில் கொடுமை எதுவும் இல்லை, யாராக இருந்தாலும் நிறுத்தியிருப்பார்கள். இப்போது ஓடுகிறது. ஓட்டுக்கூரை, நூல் தூசு, பாவு நூல் கண்ணில் ஆடுகிறது, அதற்கு முன்னால் சீருடையோடு நிற்கிறாள், எண்ணெய் வைத்து இறுக்கிய இரட்டைச் சடை, கையில் ஏதோ தாள். வாய் அசைகிறது, தடதட தடதட, ஒரு சொல் கேட்கவில்லை. பன்னிரண்டு விநாடி தாண்டியது. இருபது. இன்னும் வாய் அசைகிறது, அவளும் நமக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தே பேசுகிற மாதிரி கண்ணில் ஒரு திருட்டுச் சிரிப்பு, முப்பது, முப்பத்தெட்டில் கையை உயர்த்துகிறாள், பாதையில் பேருந்தை நிறுத்துகிற மாதிரி, உடனே பின்னாலிருந்து ஓர் அம்மா கையை நீட்டித் தறியை நிறுத்துகிறார். நிற்கிறது. என்ன நிசப்தம். இந்த வராந்தாவே கூட நின்றுவிட்ட மாதிரி, என் காதுக்குள் என் ரத்தம் ஓடுவது கேட்கிறது. அவள் மெதுவான குரலில், நாற்பது நாளும் நான் பேசச் சொன்ன அந்த மெதுவான குரலில் பேசுகிறாள். “இத்தன நேரம் நான் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது. அதுதான் இரைச்சல். ஆனா மிஸ்ஸு, எங்கம்மாவுக்குத் தறி ஓடுனாத்தான் தூக்கம் வரும், நின்னா முழிச்சுக்கும். அப்ப எங்கம்மாவுக்கு இது இசைங்களா, இரைச்சலுங்களா?” பின்னால் நிற்கிற அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார், அடி கழுத, நானா கெடச்சேன் என்று அவர் சொல்வதும் கேட்கிறது, அறுபது. முடிந்தது. ஓடுகிற தறியை நடுவில் நிறுத்துவது சும்மா இல்லை என்று வளர்மதி டீச்சர் ஒருநாள் சொல்லியிருக்கிறார், நூல் அறுந்தால் மறுபடி பிணைக்க அரைமணி ஆகும், பிள்ளை கேட்டது என்பதற்காக ஓர் அம்மா நிறுத்தியிருக்கிறார், அதற்கு நான் அனுப்பியது மஞ்சள் பொம்மை. முயற்சி தேவை. இன்னும் எதை நிறுத்தியிருக்க வேண்டும் அவர்கள். நாற்பத்திரண்டு பேரில் கேள்வி கேட்டவள் இவள் ஒருத்திதான், மற்றவர்கள் எல்லாம் இது இசை, அது இரைச்சல் என்று ஒப்பித்தார்கள், நான் ஒப்பித்ததற்கெல்லாம் பதினைந்து பதினாறு போட்டேன். எனக்கு இந்தப் பாடத்தில் தெரியாத ஒரு விஷயத்தை எட்டாம் வகுப்பில் ஒருத்தி கேட்டிருக்கிறாள், இதுவரை அதைக் கேட்டது அவளுடைய அம்மா மட்டும்தான்.

மூன்று இருபது. சரி, நிதானமாக யோசிப்போம், நீதான் நன்றாக வாதாடுவாயே, வாதாடு. ஒன்று, அவளுக்கு மார்க்கை மாற்றினால் இணைப்பு மூன்று போச்சு. தன் ரூப்ரிக்கையே தப்பு என்று ஒத்துக்கொண்டவள் அடுத்தவர் போட்ட மார்க்கைக் கேட்க வந்திருக்கிறாளா என்று ஞானசௌந்தரி மேம் கேட்பார், கைக்குட்டையை மடித்துக்கொண்டே கேட்பார், அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். எழுபத்தொன்று எழுபத்தொன்றாகவே நிற்கும். இரண்டு, மாற்றவில்லை என்றால் யாருக்கும் தெரியாது. பார்த்த நேரம் ஆசிரியர் பக்கத்தில் மட்டும்தான், அவளுக்குத் தெரியாது, துறைத்தலைவருக்குத் தெரியாது, பார்த்தேன் என்று ஒரு சொல் அனுப்பினால் பதினோரு நாளும் தீர்ந்தது, அவளும் நம்பிவிடுவாள், மிஸ் சொன்னால் பிள்ளைகள் நம்பத்தானே செய்கிறார்கள், அதற்கு மேல் அவள் யாரிடம் மனு எழுதுவாள், எத்தனை இணைப்பு வைப்பாள். மூன்று, கண்காட்சிக்குப் போகாவிட்டால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை ஒன்றும் முடிந்துவிடாது. இப்படித்தான் மேமும் நினைத்திருப்பார், நாலு மார்க்கில் இவள் வாழ்க்கை ஒன்றும் முடிந்துவிடாது என்று, மாலை நாலு மணிப் பேருந்தைப் பிடிக்கணும், இன்னும் இரண்டு பள்ளி பாக்கி, மூக்கில் நூல் தூசு, ஏழு நிமிடம் போதும். அவரையும் என்னையும் ஒரே வரிசையில் வைக்க மாட்டேன், அவருக்கு இருபது வருட அனுபவம், எனக்கு நாற்பது நாள். ஏழு நிமிடமாவது பார்த்தார் அவர். நாற்பத்தைந்தில் ஏழு, அறுபதில் பன்னிரண்டு, விழுக்காடு போட்டால் நான்தான் அதிகம் பார்த்திருக்கிறேன், அடடா, இதுகூட ஒரு வாதம்தான், எவ்வளவு நன்றாக வருகிறது எனக்கு. பெனசீரிடம் இதைச் சொன்னால் சிரிப்பாள். பெனசீர் பக்கத்தில் இருந்தால் இதைச் சொல்லலாம். அவளுக்கும் சொல்லவேண்டும், அவள் போட்ட ஒன்றும் தப்பு என்று, வைவாவுக்கு முந்தி. இந்த வராந்தாவில் எனக்கு எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து, இல்லை இல்லை இளவேனில், நீ சொல்வது சரியில்லை என்று ஒரு தடவை சொன்னால் போதும், நான் எதிர்த்துப் பேசிப் பேசியே எதையாவது ஒன்றை முடிவு செய்துவிடுவேன். எதிர்த்துப் பேச ஆள் இல்லாதபோது என் வாதங்கள் எல்லாம் என்னோடேயே ஒத்துப்போகின்றன.

வளர்மதி டீச்சருக்குப் போன் போட்டேன். என்ன சொல்வது என்று யோசிக்காமலே போட்டுவிட்டேன், எடுத்துவிட்டார், பின்னால் இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் ஓடுகிற சத்தம். கோபிகாவுக்குக் கருத்து நாலு, எடுத்துக்காட்டு நாலு, ஒலித்தெளிவு நாலு என்று மாற்றணும் டீச்சர் என்றேன். பதினாறா, ஏழுலேர்ந்து பதினாறா என்று அவர் கேட்டார், நல்ல வேளை இப்பவாச்சும் கேட்டியே, காலைலேர்ந்து அதுக்குத்தான் செய்தி போட்டுக்கிட்டே இருந்தேன் என்று அவர் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும், அவர் வேறு ஒன்று சொன்னார், இவ்வளவு மார்க் ஏறினா எச்.எம். காரணம் கேப்பாங்கம்மா, திருத்தப் பட்டியல்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டுரட்டுமா, எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. தொழில்நுட்பக் கோளாறு. எவ்வளவு சுத்தமான சொல், யார் மேலும் ஒட்டாது, செயலி சரியாக ஓடவில்லை, சத்தம் சரியாக வரவில்லை, இணைப்பு மூன்று பிழைக்கும், கோபிகாவும் போவாள், எழுபத்தைந்தும் வரலாம், எல்லாருக்கும் நல்லது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. “இல்ல டீச்சர். செயலி நல்லாத்தான் ஓடுச்சு. மதிப்பிட்டவர் முழுமையாகப் பார்க்கவில்லைன்னு போடுங்க.” டீச்சர் அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். “உன் பேரு வருமேம்மா. உங்க துறைக்கும் ஒரு நகல் போகும்.” போகட்டும் டீச்சர் என்றேன். பட்டியலில் ஐந்தாவதாக இருந்த மிக்ஸிக்காரி இறங்கிவிடுவாளே என்றார், அவளுக்கு நான் சொல்லிக்கறேன், கோபிகா போறது எச்.எம். கையிலதான் இருக்கு, உறுதி சொல்ல மாட்டேன் என்றார், அப்புறம் குரலைத் தணித்து, சாப்ட்டியா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். தனியாகவா என்று அவர் கேட்கவில்லை, எதற்குக் கேட்பார்.

படியில் செருப்புச் சத்தம், துறைத்தலைவர், பின்னாலேயே ஞானசௌந்தரி மேம், இருவரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டே வருகிறார்கள், அவரையும் கூப்பிட்டிருக்கிறார் போல, நல்லது, நேருக்கு நேர். எழுந்து வணக்கம் சொன்னேன். மேம் என் கோப்பைப் பார்த்துவிட்டு, வாங்க வக்கீலம்மா என்றார், மாரப்பன் அண்ணாவின் வார்த்தை துறை முழுக்கச் சுற்றியிருக்கிறது. கதவு சாத்திக்கொண்டது. மனுவைத் திரும்பப் பெறப் போவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், அவர் ஏழு நிமிடம் பார்த்தது ஏழு நிமிடம்தான், என் தப்பினால் அது எட்டு ஆகிவிடாது. இணைப்பு மூன்றை மட்டும் கோப்பிலிருந்து உருவினேன், உருவிவிட்டு மறுபடி உள்ளேயே வைத்தேன், ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் நானே சொல்வேன், முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் இரண்டாம் பக்கத்துக்கு வருவேன். அடிக்கோடு போட்ட அந்த வாக்கியம் எனக்கும்தான் பொருந்தும். வெயில் பெஞ்சின் மேல் ஏறிவிட்டது, இந்த நேரத்துக்குக் கோபிகா இன்னும் பள்ளியில் இருப்பாள், போன் அம்மாவிடம், தறிக்குப் பக்கத்தில் மாடத்தில், குரல் செய்தி அனுப்பினால் அங்கே யாருக்கும் கேட்காது, எழுதத்தான் வேண்டும், சாயங்காலம் வந்து அவள் படிப்பாள், அம்மாவுக்கும் படித்துக்காட்டுவாள். இசையா இரைச்சலா என்ற அவள் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை, அதைப் பிறகு எழுதுவேன், தேடிப் பார்த்துவிட்டு எழுதுவேன். கண்காட்சி பற்றி எழுதக் கூடாது, போகாமல் போனால் அது இரண்டாவது அடி. முதலில் அவள் கேட்டதற்கு. மாரப்பன் அண்ணா கதவைப் பாதி திறந்து, அய்யா கூப்புடறாரு, வாங்கம்மிணி என்றார். ஒரு நிமிஷம் அண்ணா என்றேன். இப்பல்லாம் நீங்க காக்க வைக்கிறீங்களா என்று அவர் சிரித்தார். நான் விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை, தலைவலி என்று எழுதவில்லை, நாற்பத்திரண்டு வீடியோ என்று எழுதவில்லை, எழுதி, அழிக்காமல், அனுப்பினேன்:

இல்லை கோபிகா, முழுசாப் பார்க்கலை. பன்னிரண்டு விநாடிதான் பார்த்தேன்.